நுனிக்காலில் நிற்பவன்

குதிகால் தரையில் படவில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் சற்றுப் பின்னே. இரண்டும் விரல்களின் பலத்தில் நிற்கின்றன. முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும் குட்டைச் சட்டை இருபுறமும் விரிந்து பறக்கிறது. காற்று அடித்துப் பறக்கவில்லை. காற்றென்றால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கும். சுழன்று ஆடியவன் இந்தக் கணம்தான் நின்றிருக்கிறான், இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்குக் கிளம்பப்போகிறான். உயரம் ஒரு சாண் இருக்கும். பெயர் லார், கூட்டமாகச் சொன்னால் லாரேஸ். ரோமானியர் வீடுகளைக் காத்துவந்த தெய்வம்.

தலையிலிருந்து பார்த்து வருகிறேன். சுருள்முடி, அதன்மேல் இலைமாலை. மாலையைக் கட்டிய நாடாவின் இரு முனைகளும் தோள்மேல் விழுகின்றன. மீசை அரும்பாத முகம். இந்த வகை உருவங்களில் சிலவற்றுக்குக் கண்ணில் வெள்ளி பதித்திருப்பார்கள். இவனுக்குக் கண் வெறும் வெண்கலம்தான். ஒரு துண்டை நீளவாக்கில் மடித்துத் தோள் வழியாக இறக்கி இடுப்பைச் சுற்றி இறுக்கியிருக்கிறான். வேலைக்கு இறங்குகிறவன் கட்டும் கட்டு. காலில் மிருகத் தோலால் ஆன காலணி. விரல்கள் வெளியே தெரிகின்றன, மேல்விளிம்பில் தோலின் மடிப்பு தொங்குகிறது. ஜூப்பிட்டருக்கும் ஜூனோவுக்கும் உள்ள கம்பீரம் எதுவும் கிடையாது. பந்தியில் ஓடியாடிப் பரிமாறும் பையனின் உடுப்பு இது. கும்பிடப்படுகிறவனின் உடுப்பைவிட ஏவல் செய்கிறவனின் உடுப்புக்கு நெருக்கமானது.

உயர்த்திய கையில் கொம்புக் கிண்ணம். அதன் கூர்முனை ஒரு விலங்கின் முன்பாதியாகச் செதுக்கப்பட்டிருக்கும். அங்கிருக்கும் சிறு துளை வழியே மது கம்பியாக இறங்கி, மறு கையிலிருக்கும் தட்டத்தில் விழ வேண்டும். தட்டத்துக்குப் பதில் சிறு வாளி ஏந்தியவர்களும் உண்டு. பாம்பேய் நகரத்துச் சுவர் ஓவியங்களில் அந்த மது நன்றாகவே தெரியும்: தலைக்கு மேலிருந்து வில்லாக வளைந்து வாளிக்குள் போய் விழுகிறது. வெண்கலத்தில் அது இல்லை. அவ்வளவு மெல்லிய கம்பியை வார்த்தால் முதல் தடவை துடைக்கும்போதே ஒடிந்துபோகும். ஆகவே கொம்பு ஒரு பக்கம், தட்டம் ஒரு பக்கம், நடுவில் வெறும் இடம். மதுவைப் பார்க்கிறவரே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். பல உருவங்களில் கொம்பும் ஒடிந்துபோய்விட்டது. வெறுங்கை மட்டும் உயர்ந்து நிற்கிறது.

கண்ணாடிப் பெட்டி அறையின் நடுவில் இருப்பதால் பின்பக்கம் போய்ப் பார்க்க முடிகிறது. முன்னால் அத்தனை மடிப்புகளையும் இழைத்து இழைத்துச் செய்தவன் பின்னால் நாலைந்து கோடுகளோடு நிறுத்திக்கொண்டிருக்கிறான். மாடத்துக்குள் சுவரைப் பார்த்தபடி இருக்கப்போகிற முதுகுக்கு இது போதும் என்பது கைவினைஞனின் கணக்கு. மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிய வார்ப்பு. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையில் கொஞ்சம் காரீயமும் சேர்ப்பார்கள். அப்போதுதான் உலோகம் விரல் இடுக்குவரை ஓடி நிரம்பும். பீடத்தைத் தனியாக வார்த்துப் பிறகு பொருத்துவார்கள். மடிப்புகளின் ஆழத்தில் களிம்பு பச்சையாக உறைந்திருக்கிறது. மூக்கும் முழங்காலும் மழுங்கியிருக்கின்றன. துடைத்துத் துடைத்து மழுங்கியதா, மண்ணில் கிடந்து மழுங்கியதா என்று கண்ணால் சொல்லிவிட முடியாது.

நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் பெரிய வெண்கலங்களைச் சுற்றித்தான். ஹெர்குலேனியத்தின் பப்பைரஸ் மாளிகையில் கிடைத்த ஓட்டக்காரர்கள் இருவர் ஆள் உயரத்துக்குக் குனிந்து பாயத் தயாராக நிற்கிறார்கள். அவர்களின் பதித்த விழிகளுக்கு முன் வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். சின்ன உருவங்களின் பெட்டிக்கு வந்து சேர்கிறவர்கள் கால் வலித்து வருகிறவர்கள். ஒரு பெண்மணி பெயர்ச்சீட்டை வாசித்து, உருவத்தைப் பார்க்காமலேயே நகர்ந்தார். வயதான இருவர் பெட்டியின் விளிம்பில் கைப்பையை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் சட்டென்று நுனிக்காலில் எழும்பி, கையைத் தூக்கி, பாவாடை விரியும்படி ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்பா அதட்டினார். காவலர் நாற்காலியைவிட்டு எழவில்லை. அங்கே வந்தவர்களில் அந்த உருவம் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

இவனுக்கு ஒரு ஜோடி உண்டு. லாரேஸ் அநேகமாக இரட்டையாகவே வருவார்கள். ஒருவன் வலக்கையில் கொம்பை உயர்த்தினால் மற்றவன் இடக்கையில் உயர்த்துவான். பாம்பேயில் வெத்தீ சகோதரர்கள் வீடு என்று அழைக்கப்படும் வீட்டின் ஓவியத்தில் அந்த ஜோடியை முழுக் குடும்பத்தோடு பார்க்கலாம். சுவரில் கோயில் முகப்பு; நடுவில் தலையை மேலாடையால் மூடியபடி குடும்பத் தலைவனின் உயிர்ச்சக்தியான ‘ஜீனியஸ்’, இரு பக்கமும் ஆடும் லாரேஸ், கீழே பலிபீடத்தை நோக்கி நெளிந்து வரும் பெரிய பாம்பு. அந்த வீட்டின் பெரிய கூடத்தில் இந்த ஓவியம் கிடையாது. அடுக்களையை ஒட்டிய சின்ன முற்றத்தில் இருக்கிறது. வேலைக்காரர்கள் புழங்கும் பகுதி. வீட்டுக்காரர்களாகக் கருதப்படும் கொன்விவா, ரெஸ்தித்யூத்தஸ் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 1894, 95இல் தோண்டியெடுத்த வீடு. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2023இல் மீண்டும் திறந்தார்கள்.

இடத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பாம்பேயின் வீட்டுச் சன்னதிகளை ஜார்ஜ் பாய்ஸ் 1937இல் பட்டியல் போட்டார். அதைப் புரட்டினால் ஒரு வழக்கம் புலப்படும். அடுக்களையிலும் பின்கட்டிலும் லார் சுவரில் வண்ணமாக இருக்கிறான். முன்கட்டிலும் தூண்கள் சூழ்ந்த தோட்டத்திலும் இருக்கும் மாடங்களில் அவன் வெண்கலமாக நிற்கிறான். ‘பொன் மன்மதர் வீடு’ எனப்படும் பெரிய வீட்டின் தோட்டத்துச் சன்னதியில் இரண்டு லாரேஸோடு ஜூப்பிட்டர், ஜூனோ, மினர்வா, மெர்க்குரி ஆகியோரும் கிடைத்தார்கள். பெரிய தெய்வங்கள் எல்லாரும் கைக்கு அடக்கமான உருவில்! வெண்கலத்துக்குக் காசு வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பும் காவியும் போதும். ஆனால் அடுக்களைச் சுவரில் இருந்தவனைத்தான் அதிகம் பேர், அதிக நேரம், அடுப்புப் புகையினூடே பார்த்திருப்பார்கள்.

அந்த அடுப்படியில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு, கி.மு. 160 வாக்கில் கேட்டோ எழுதிய விவசாய நூல் ஒரு சன்னல் திறந்துவிடுகிறது. கேட்டோ கறாரான மனிதர். கிழட்டு மாட்டையும் கிழட்டு அடிமையையும் ஒரே வரிசையில் வைத்து விற்றுவிடச் சொன்னவர். பண்ணை மேற்பார்வையாளனின் துணைவிக்கு அவர் விதித்த வேலைகளில் ஒன்று: ஒவ்வொரு இரவும் படுக்கப்போகுமுன் அடுப்பைச் சுற்றிலும் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். மாதத்தின் முதல் நாளிலும், நோனஸ், ஈதஸ் எனும் நாள்களிலும், பண்டிகைகளிலும் அடுப்பின் மேல் பூமாலை தொங்கவிட வேண்டும். அன்று வீட்டு லாரிடம் வசதிக்கேற்ப வேண்டிக்கொள்ள வேண்டும். மற்றபடி யஜமானனின் உத்தரவில்லாமல் அவள் எந்தப் பூசையும் செய்யக்கூடாது. அந்தப் பெண்ணும் அடிமைதான். சாம்பலை வாரி, தரையைக் கூட்டி, மாலையைக் கட்டிவிட்டு, வாய்க்குள் அவள் என்ன முணுமுணுத்திருப்பாள் என்று கேட்டோ எழுதவில்லை. எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியும் இராது.

சாப்பாட்டு வேளையில் லாருக்கு ஒரு பங்கு உண்டு. முக்கியமான உணவு முடிந்ததும் ஒரு சிறு பகுதியை எடுத்துப்போய்த் தீயில் இடுவார்கள். தெய்வங்கள் மனமிரங்கின என்று ஒரு பையன் அறிவிக்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. கீழே விழுந்த உணவுக்கும் விதி இருந்தது. மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார்: விழுந்ததை எடுத்துத் திரும்ப மேசைமேல் வைக்க வேண்டும், அழுக்குப் போக ஊதக்கூடாது, பின்பு லார் முன் எரித்துப் பரிகாரம் தேட வேண்டும். விருந்துக் கூடத்தில் சாய்ந்து படுத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு அத்திப்பழம் உருண்டு விழுகிறது. பேச்சு ஒரு நொடி அறுந்து மறுபடியும் தொடர்கிறது. குனிந்து எடுப்பவன் விருந்தாளி இல்லை.

ஆயுளின் திருப்பங்கள் ஒவ்வொன்றிலும் லாருக்கு ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. பையன் பெரியவனாகும் நாளில், கண்ணேறு படாமல் குழந்தைப் பருவம் முழுக்கக் கழுத்தில் போட்டிருந்த ‘புல்லா’ எனும் தாயத்தைக் கழற்றி லாரிடம் தொங்கவிடுவான். கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெண் தன் மரப்பாச்சிகளைக் கொண்டுவந்து வைப்பாள். புகுந்த வீட்டுக்கு வரும்போது அவள் மூன்று செப்புக் காசுகள் எடுத்து வருவாள் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ குறித்திருக்கிறார்: ஒன்று கணவனுக்கு, ஒன்று அடுப்படி லாருக்கு, ஒன்று நாற்சந்தி லாருக்கு. இவற்றோடு இன்னொரு காணிக்கையும் உண்டு. விடுதலையான அடிமை தன் சங்கிலியைக் கொண்டுவந்து லாரிடம் நேர்த்திக்கடனாகச் செலுத்துவான். ஹொரேஸ் எழுதிய பயணக் கவிதை ஒன்றில் இரண்டு பேர் வாய்ச்சண்டை போடும்போது, “உன் சங்கிலியைக் கொடுத்தாயிற்றா?” என்ற பொருளில் ஒருவன் மற்றவனை நக்கலடிக்கிறான். நக்கலுக்குப் பயன்படும் அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

இங்கேதான் எனக்கு லார்மேல் ஈடுபாடு வருகிறது. பெருங்குடும்பத்து ரோமானியன் தன் வீட்டுக் கூடத்தில், பதவி வகித்த முன்னோர்களின் முகங்களை மெழுகில் எடுத்து அலமாரிகளில் வைத்திருந்தான். இழவு வீட்டு ஊர்வலத்தில் நடிகர்கள் அந்த முகங்களை அணிந்து நடப்பார்கள். பாட்டனும் பூட்டனும் பதவி உடுப்போடு தெருவில் இறங்கிவிட்டதாகவே தோன்றும். அடிமைக்கு இது எதுவும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவனுக்கு அப்பனே இல்லை. அவன் யாரோடு வாழ்ந்தாலும் அது திருமணம் ஆகாது. முன்னோர் முகம் ஒன்றுகூட இல்லாத ஆள். அப்படிப்பட்டவன் நின்று ஏதாவது கேட்பதற்கு வீட்டுக்குள் இருந்த தெய்வம் லார். கொம்பேந்திய இந்தப் பையன் யாருக்கும் பாட்டன் இல்லை. யாருடைய சாயலும் அவன் முகத்தில் இல்லை.

தமிழ் வாசகருக்குக் குலதெய்வம் நினைவுக்கு வரும். வந்தால் தப்பில்லை, ஆனால் குலதெய்வம் ரத்த வழியில் இறங்கி வருவது. வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் குடியேறினாலும் அது நம்மைத் தொடர்ந்து வரும். லார் அந்த இடத்தோடும், அந்தக் கூரைக்குக் கீழே உள்ளவர்களோடும் சேர்ந்தவன். லாரேஸ் செத்துப்போன முன்னோர்களின் ஆவிகளா, நிலத்தின் தெய்வங்களா என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் அடித்துக்கொண்டார்கள். 2017இல் வந்த ஹாரியட் ஃப்ளவரின் விரிவான நூல் இடத்தின் தெய்வங்கள் என்ற கட்சியில் உறுதியாக நிற்கிறது. நானும் அந்தக் கட்சிதான். காரணம், பிளாட்டஸ் எழுதிய பானைப் புதையல் நாடகம். அதன் முன்னுரையை மேடையேறிச் சொல்பவனே அந்த வீட்டு லார். கிழவன் ஒருவன் அடுப்புக்குள் பொற்பானையைப் புதைத்து லாரிடம் ஒப்படைத்தான். மகனிடம்கூடச் சொல்லாமல் செத்தான். மகன் லாரைச் சரியாகக் கவனிக்கவில்லை. பேரன் இயூக்ளியோவும் அதே கருமி. ஆனால் பேரனின் மகள் நாள்தோறும் சாம்பிராணியோ மதுவோ மாலையோ வைத்தாள். அவளுக்காக லார் பானையைக் காட்டிக்கொடுத்தான். நான்கு தலைமுறைகளை ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன், யார் வாரிசு என்று பார்க்காமல் யார் வந்து நின்றார்கள் என்று பார்த்து முடிவெடுக்கிறான்.

லார் வீட்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. தெருக்கள் கூடும் சந்திகளிலும் இருந்தான். டிசம்பர் பிற்பாதிக்கும் ஜனவரி தொடக்கத்துக்கும் நடுவே, நாளைக் குறிப்பிட்டு அறிவித்து, கொம்பித்தாலியா என்ற பண்டிகை நடக்கும். முந்தின இரவு ஒவ்வொரு வீட்டாரும் கம்பளி நூலால் செய்த உருவங்களைச் சந்தியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். அகராதிக்காரர் ஃபெஸ்டஸ் இதன் கணக்கைச் சொல்கிறார். வீட்டில் எத்தனை சுதந்திரர்களோ அத்தனை பொம்மைகள். எத்தனை அடிமைகளோ அத்தனை உருண்டைகள். கீழுலகத் தெய்வங்கள் உயிருள்ளவர்களை விட்டுவிட்டு இவற்றை எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டிய காட்சி இது. குளிர்கால இருட்டு. கயிற்றில் வரிசையாகக் கம்பளி. வீட்டுக்காரருக்கு ஒரு பொம்மை: கை, கால், தலை எல்லாம் கட்டிச் சுற்றியது. மனைவிக்கு ஒன்று. குழந்தைக்குச் சின்னதாக ஒன்று. அப்புறம் உருண்டைகள். சமையற்காரிக்கு ஓர் உருண்டை, கதவுக் காவலாளுக்கு ஓர் உருண்டை, தண்ணீர் தூக்குகிறவனுக்கு ஓர் உருண்டை. கை கால் முகம் எதுவுமில்லை. தலையெண்ணிக்கைக்கு மட்டும் சேர்த்தி. இவற்றையெல்லாம் உட்கார்ந்து சுற்றியிருக்கக்கூடியவளும் பெரும்பாலும் ஓர் அடிமைப் பெண்தான். யஜமானியின் பொம்மைக்கு இடுப்பு வைத்துச் சுற்றி முடித்தபின், தனக்கான நூலை உருட்டும்போது அவள் விரல்கள் வேகம் குறைந்தனவா என்று கேட்கத் தோன்றுகிறது. எப்படியானாலும் அவளையும் எண்ணிக்கொண்டார்கள். மறுநாள் லாரின் பாதுகாப்பு அவளுக்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் காலை காட்சி மாறிவிடும். அடிமை மேற்பார்வையாளன் எந்தப் பூசையும் செய்யக்கூடாது என்று தடுத்த அதே கேட்டோ, இந்தப் பண்டிகையில் சந்தியிலும், மற்றபடி அடுப்படியிலும் அவன் செய்யலாம் என்று விலக்கு அளிக்கிறார். ஹலிகார்னசஸ் ஊர் வரலாற்றாளர் டயனீசியஸ் தன் காலத்திலும் இது நடந்ததைச் சொல்கிறார்: பலியில் உதவி செய்கிறவர்கள் அடிமைகள், அந்த நாள்களில் அடிமைத்தனத்தின் அடையாளங்களை அவர்களிடமிருந்து அகற்றிவிடுவார்கள், அவர்களின் சேவைதான் லாரேஸுக்குப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. விழாவை ஏற்படுத்தியவர் ஆறாவது அரசர் செர்வியஸ் துல்லியஸ் என்பது பழங்கதை. அந்தச் செர்வியஸும் அடிமைப் பெண்ணின் மகன். அரண்மனை அடுப்படியில் லாருக்குப் பிறந்தவன் என்றொரு கதையும் உண்டு. கதையை நம்புவதும் விடுவதும் ஒரு பக்கம். இந்தக் கதை எந்த வீட்டுப் பின்கட்டில் சுவையாகச் சொல்லப்பட்டிருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

சந்தியில் கூட்டம் கூடினால் அரசியலும் வந்துவிடும். அடிமைகளும் விடுதலையானவர்களும் சேர்ந்த தெருச் சங்கங்களைக் கண்டு மேலவைக்கு வயிற்றைக் கலக்கியது, கி.மு. 64இல் தடைபோட்டார்கள். கி.மு. 58இல் அரசியல்வாதி க்ளோடியஸ் தடையை நீக்கி, அந்தச் சங்கங்களையே தன் அடியாள் படையாக்கினான். பின்னாளில் பேரரசரான அகஸ்டஸ் இரண்டையும் பார்த்தவர். தடுக்கவும் இல்லை, அவிழ்த்துவிடவும் இல்லை, தத்தெடுத்துக்கொண்டார். கி.மு. 7இல் ரோம் நகரை 14 வட்டாரங்களாகப் பிரித்துத் தெருத்தெருவாக ஒழுங்குபடுத்தினார். சந்திச் சன்னதிகளுக்குப் புதிய லாரேஸ் ஜோடிகள் வந்தன. நடுவே அகஸ்டஸின் சொந்த ஜீனியஸும் வந்து நின்றுகொண்டது. வத்திக்கானில் உள்ள பெல்வெடெரே பலிபீடத்தில் அந்தக் கைமாற்றமே செதுக்கப்பட்டிருக்கிறது: பேரரசர் நீட்டுகிறார், தெருத் தலைவர்கள் சின்னச் சிலைகளை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தலைவர்களில் பெரும்பாலோர் முன்னாள் அடிமைகள். அவர்களுக்குக் கீழே உதவியாளர்களாக அடிமைகள். நகரில் 265 சந்திச் சன்னதிகள் இருந்ததாகப் பிளினி கணக்குத் தருகிறார். ஊரில் மரியாதையே காணாத ஆளுக்கு, வருடத்தில் சில நாள்கள் விளிம்பில் பட்டை போட்ட ‘டோகா’ எனும் மேலாடையும் முன்னால் நடந்துபோகும் சேவகனும் கிடைத்தன. மலிவாக முடிந்த வேலை என்று அகஸ்டஸைப் பற்றி நினைக்கலாம். அந்த டோகாவை உடுத்தி நடந்தவனுக்கு அது மலிவாக இருந்திருக்காது.

லாரைக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. கி.பி. 19இல், மக்கள் கொண்டாடிய இளவரசர் ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தார். ரோமில் கோயில்கள்மேல் கல் விழுந்தது, பலிபீடங்கள் சாய்ந்தன, சிலர் தங்கள் வீட்டு லாரேஸைத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள் என்கிறார் வரலாற்றாளர் சுவெட்டோனியஸ். காவல் காக்கத் தவறியவனுக்கு வீட்டில் என்ன வேலை? ஒரு சாண் வெண்கலம் கல் பாவிய தெருவில் விழுந்தால் ஓசை பலமாகத்தான் இருந்திருக்கும். உயர்த்திய கைதான் முதலில் வளையும். மறுநாள் பொழுது விடிந்ததும் யாராவது கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதைப் பொறுக்கி உள்ளே கொண்டுபோயிருப்பார்கள் என்பது என் ஊகம். வெண்கலத்துக்கு விலை உண்டு. கோபத்துக்கு ஆயுள் கம்மி.

பெட்ரோனியஸ் படைத்த, அடிமையாக இருந்து விடுதலையான திடீர்ப் பணக்காரன் திரிமால்கியோவின் லாரேஸ் வெள்ளியில் இருக்கிறார்கள். விருந்தின் நடுவே வெள்ளை உடுத்த பையன்கள் அவர்களைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். வீட்டுத் தெய்வங்களின் பெயர்களையும் அவனே அறிமுகம் செய்கிறான். மூன்றும் வியாபாரம், அதிர்ஷ்டம், லாபம் என்ற வகைப் பெயர்கள். எழுதியவர் அரண்மனை வட்டாரத்து ரசிகர். அவருக்கு முன்னாள் அடிமையின் பக்தி சிரிப்பாக இருந்திருக்கிறது.

அரண்மனைக்குள்ளும் லார் இருந்தான். அகஸ்டஸ் சிறுவனாக இருந்தபோது அவருக்குத் தூரீனஸ் என்ற பெயர் இருந்ததை நிரூபிக்க, சுவெட்டோனியஸ் தன் கையிலிருந்த ஒரு சான்றைச் சொல்கிறார்: சிறுவன் அகஸ்டஸின் சின்ன வெண்கல உருவம், அதில் இரும்பு எழுத்துகளில், தேய்ந்து மறையும் நிலையில் அந்தப் பெயர். அதை அவர் பேரரசர் ஹேட்ரியனுக்குப் பரிசளித்தார். பேரரசர் தன் படுக்கையறை லாரேஸோடு அதை வைத்து வணங்கினாராம். பேரரசு முழுவதையும் சுற்றிவந்த மனிதர் படுக்குமுன் ஒரு சாண் பொம்மைகளைப் பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

வெசூவியஸ் எரிமலை வெடிப்பதற்கு முன் பாம்பேயை ஒரு நிலநடுக்கம் ஆட்டியது, கி.பி. 62. வங்கித் தொழில் செய்த சிசிலியஸ் யுகுந்தஸ் வீட்டுச் சன்னதியில் அந்தக் காட்சியையே பளிங்கில் செதுக்கி வைத்திருந்தார்கள்: கோயில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, குதிரை வீரர் சிலைகள் நிலைகுலைகின்றன. உயிர் தப்பியதற்கான நன்றி என்று கொள்ளலாம். 17 ஆண்டுகள் கழித்து வந்தது வேறு விதமான நாள். தோண்டியபோது சில மாடங்களில் உருவங்கள் அப்படியே நின்றன. பல மாடங்கள் காலியாக இருந்தன. காலி மாடங்களுக்குரியவர்களில் சிலராவது கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கக் கிடைத்த நேரத்தில், ஒரு கைக்குள் அடங்குவது என்ற தகுதி இந்தத் தெய்வத்துக்கு உதவியிருக்கும். இத்தாலிக்கு வெளியேயும் இவன் பரவியிருந்தான். ஸ்பெயினின் லோரா தெல் ரியோவில் கிடைத்தவன் இப்போது மாட்ரிட் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஆடுகிறான்.

கடைசியில் சட்டம் வந்தது. கி.பி. 392 நவம்பர் 8ஆம் தேதி கிறித்தவப் பேரரசர் தியோடோசியஸ் கையெழுத்திட்ட ஆணை, கோயில்களில் பலியிடுவதோடு நிற்கவில்லை, வீட்டுக்குள் நுழைந்தது. லாரைத் தீயாலும், ஜீனியஸை மதுவாலும், சரக்கறைத் தெய்வங்களான பெனாத்தேஸை நறுமணத்தாலும் யாரும் மறைவாகக்கூட வழிபடக்கூடாது. விளக்கேற்றக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது, மாலை தொங்கவிடக்கூடாது. கேட்டோவின் பண்ணையில் அந்தப் பெண்ணுக்கு விதித்திருந்த மாலையைத்தான், ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்து அரசாங்கம் பெயர் சொல்லித் தடுக்கிறது. சாம்பிராணி புகைத்தது நிரூபணமானால் அந்த வீடோ நிலமோ பறிமுதல். வீட்டுத் தெய்வத்தைக் கும்பிட்டால் வீடே போய்விடும்! அடுத்தவருக்குச் சொந்தமான இடத்தில், உரிமையாளருக்குத் தெரியாமல் பலி கொடுத்தால் 25 ராத்தல் பொன் அபராதம்.

அதன்பின் ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து, பெத்லகேமில் உட்கார்ந்து விவிலியத்தின் ஏசாயா நூலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்த கிறித்தவ அறிஞர் ஜெரோம் ஒரு வசனத்தில் நின்று குறைபட்டுக்கொள்கிறார். ரோம் நகரத்திலேயே, அடுக்குமாடிக் குடியிருப்புகளில், காவல் தெய்வத்தின் உருவத்தை வைத்து மெழுகுவத்தியும் விளக்கும் ஏற்றுகிறார்களாம். வீட்டுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்களாம். அவர் தரும் பெயர் துத்தேலா. லாரின் வேலையைச் செய்யும் இன்னொரு தெய்வம். ரோமின் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்த எளியவர்கள். அவர்களிடம் பறிக்க வீடும் இல்லை, 25 ராத்தல் பொன்னும் இல்லை.